கார்பனின் நான்கு கைகள்

நுழையும்முன்

கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பொருள்களுள் ஒன்று மருந்துக்குத் துணையாகலாம், மற்றொன்று நஞ்சாகலாம். அவற்றை வேறுபடுத்துவது நிறமோ மணமோ அன்று. அவற்றுள் அமைந்த அணுக்களின் எண்ணிக்கையும் அவை இணைந்திருக்கும் முறையுமே ஆகும். உணவு, உடை, மருந்து, எரிபொருள் என அன்றாட வாழ்வெங்கும் நிறைந்திருக்கும் கார்பன் சேர்மங்களின் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு குப்பிகள்

ஆய்வக மேசைமீது இரு கண்ணாடிக் குப்பிகள் உள்ளன. இரண்டிலும் நிறமற்ற, தெளிந்த நீர்மம். இரண்டும் நீருடன் எவ்வளவு சேர்த்தாலும் கலக்கும். இரண்டும் எளிதில் தீப்பற்றும். மணமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றன் பெயர் எத்தனால். மற்றொன்றன் பெயர் மெத்தனால். குப்பியின்மீது ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டால், கண்ணாலோ மூக்காலோ இவற்றைப் பிரித்தறிய இயலாது.

எத்தனால் மருத்துவமனைகளில் கிருமிநீக்கியாகவும், மருந்துகளைக் கரைக்கும் கரைப்பானாகவும் பயன்படுகிறது. மெத்தனால் தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும், பிசின், பசை முதலியவற்றின் மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. உடலினுள் சென்றால் அது பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2023ஆம் ஆண்டு மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியிலும், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் பல குடும்பங்கள் சிதைந்தன. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

எத்தனால் மூலக்கூறில் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மெத்தனால் மூலக்கூறில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் குறைந்ததால் ஒரு பொருள் இத்தகைய கொடிய நஞ்சாவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண, கார்பன் என்னும் தனிமத்தின் இயல்பை அடிப்படையிலிருந்து அறிதல் வேண்டும்.

உயிர்விசை என்னும் நம்பிக்கை

'கார்பன்' என்னும் பெயர், கரி என்று பொருள்படும் 'கார்போ' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இதனைக் 'கரிமம்' என்றும், இதன் சேர்மங்களைப் பற்றிய அறிவியலைக் 'கரிம வேதியியல்' என்றும் வழங்குகிறோம். இரு மொழிகளும் அடுப்பில் எஞ்சிய கரியைக் கண்டே இத்தனிமத்திற்குப் பெயரிட்டன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதிப்பொருள்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன. உப்பு, சுண்ணாம்பு, உலோகங்கள் போன்றவை உயிரற்றவற்றிலிருந்து கிடைப்பவை. சருக்கரை, எண்ணெய், யூரியா போன்றவை தாவரங்களிலிருந்தும் விலங்குகளிலிருந்தும் கிடைப்பவை. முன்னவற்றை ஆய்வகத்தில் உருவாக்கலாம். பின்னவற்றை உருவாக்க உயிர்களிடம் மட்டுமே உள்ள ஒருவகை ஆற்றல் தேவை என அறிஞர் பலர் நம்பினர். இது 'உயிர்விசைக் கொள்கை' எனப்பட்டது. சுவீடன் நாட்டின் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் பெர்சீலியசும் இக்கருத்தை ஏற்றிருந்தார்.

1828ஆம் ஆண்டு, பெர்லின் நகரின் தொழிற்பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றிய ஃபிரெடெரிக் வோலர், சில்வர் சயனேட்டையும் அம்மோனியம் குளோரைடையும் வினைபுரியச் செய்து அம்மோனியம் சயனேட் என்னும் உப்பைப் பெற முயன்றார். கரைசலை ஆவியாக்கியபோது எதிர்பார்த்த உப்புக்கு மாறாக வேறு வெண்ணிறப் படிகங்கள் கிடைத்தன. அவற்றைச் சோதித்தபோது, சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் யூரியாவிலிருந்து அவை எவ்வகையிலும் வேறுபடவில்லை. மனிதனின் சிறுநீரகமோ விலங்கின் சிறுநீரகமோ இன்றித் தம்மால் யூரியாவை உருவாக்க முடிந்தது எனப் பெர்சீலியசுக்கு அவர் மடல் எழுதினார்.

உயிர்விசைக் கொள்கை ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. 1845இல் ஹெர்மன் கோல்பே தனிமங்களிலிருந்து தொடங்கி அசிட்டிக் அமிலத்தை உருவாக்கினார். அவரைத் தொடர்ந்து பெர்த்தலாட் முதலியோர் மேலும் பல கரிமச் சேர்மங்களை ஆய்வகத்தில் உருவாக்கினர். இவ்வாறு சான்றுகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர அந்நம்பிக்கை வலுவிழந்தது. உயிருள்ளவற்றின் பொருள்களுக்கும் உயிரற்றவற்றின் பொருள்களுக்கும் பொதுவான விதிகளே உள்ளன என்பது நிலைபெற்றது. இன்று கரிம வேதியியல் என்பது கார்பன் சேர்மங்களைப் பற்றிய அறிவியலையே குறிக்கிறது. கார்பன் டைஆக்சைடு, கார்பனேட்டுகள், சயனைடுகள் போன்ற சில மட்டும் வழக்கம் கருதிக் கனிம வேதியியலில் வைக்கப்பட்டுள்ளன.

ஒரே அணுக்கள், வேறு பொருள்

வோலரின் ஆய்வில் மற்றொரு வியப்பும் அடங்கியிருந்தது. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் ஒரே அணுக்களே உள்ளன: ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். எதுவும் சேரவில்லை; எதுவும் நீங்கவில்லை. ஆயினும் பொருள் மாறியது.

இத்தகைய புதிரை வோலர் முன்னரே கண்டிருந்தார். 1820களில் அவர் ஆராய்ந்த சில்வர் சயனேட்டும், ஜெர்மானிய அறிஞர் லீபிக் ஆராய்ந்த சில்வர் ஃபல்மினேட்டும் ஒரே இயைபு கொண்டவையாக இருந்தன. இரண்டிலும் வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை ஒவ்வோர் அணுவே. ஆனால், ஃபல்மினேட் சிறு உராய்விலும் வெடிக்கும். சயனேட் அவ்வாறு வெடிக்காது. ஒருவர் கணக்கில் பிழை இருக்கவேண்டும் என முதலில் கருதப்பட்டது. மீண்டும் ஆராய்ந்தபோது இருவர் கணக்கும் சரியே எனத் தெரிந்தது. கருத்து மாறுபாட்டில் தொடங்கிய அவ்வறிமுகம் வாழ்நாள் நட்பாக வளர்ந்தது.

ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டிருந்தும் அணுக்கள் அடுக்கப்பட்ட முறையால் வேறுபடும் சேர்மங்கள் 'மாற்றியங்கள்' எனப்படுகின்றன. இந்நிகழ்விற்கு 1830இல் பெயர் சூட்டியவர் பெர்சீலியஸ். ஒரு பொருளில் எந்தெந்த அணுக்கள் எத்தனை உள்ளன என்று அறிவது மட்டும் போதாது; எந்த அணு எதனோடு இணைந்துள்ளது என்பதையும் அறிதல் வேண்டும் என்னும் தெளிவு இதனால் பிறந்தது. எழுத்துகள் ஒன்றாயினும் அவற்றின் முறைவைப்பு மாறினால் சொல் வேறாவதுபோல, அணுக்கள் ஒன்றாயினும் அமைப்பு மாறினால் பொருள் வேறாகிறது.

நான்கு கைகள்

கார்பனின் அணு எண் 6. அதன் ஆறு எலக்ட்ரான்களுள் இரண்டு உட்கூட்டிலும் நான்கு வெளிக்கூட்டிலும் உள்ளன. வெளிக்கூடு நிறைவு பெற எட்டு எலக்ட்ரான்கள் வேண்டும். நான்கு எலக்ட்ரான்களை இழப்பதற்கு மிகுந்த ஆற்றல் தேவை. நான்கை ஏற்றாலோ ஆறு புரோட்டான்கள் பத்து எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்க நேரும். ஆகவே கார்பன் கொடுப்பதுமில்லை, பறிப்பதுமில்லை, பங்கிட்டுக்கொள்கிறது. இவ்வாறு இரு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்வதால் உண்டாகும் பிணைப்பு 'சகப்பிணைப்பு' எனப்படும். கார்பன் அணு நான்கு சகப்பிணைப்புகளை உருவாக்க வல்லது. நான்கு கைகளால் நான்கு பேரைப் பற்றிக்கொள்ளும் ஒருவராக இதனைக் கற்பனை செய்யலாம்.

கார்பனின் இந்த நான்கு இணைதிறனையும், கார்பன் அணுக்கள் தமக்குள் இணைந்து சங்கிலியாகும் இயல்பையும் 1858இல் ஜெர்மனியைச் சேர்ந்த கெக்குலேயும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கூப்பரும் தனித்தனியே வெளியிட்டனர். கார்பன் அணு மற்றொரு கார்பன் அணுவோடு தொடர்ந்து இணைந்துகொண்டே செல்லும் இப்பண்பு 'சங்கிலித் தொடராக்கம்' எனப்படுகிறது. கார்பன் சிறிய அணு. ஆதலால், இரு கார்பன்களுக்கு இடையேயான பிணைப்பு வலிமையானது. தனிம வரிசை அட்டவணையில் கார்பனுக்குக் கீழுள்ள சிலிக்கனுக்கும் நான்கு கைகள் உண்டு. ஆனால், சிலிக்கன்–சிலிக்கன் பிணைப்பு வலிமை குன்றியது. சிலிக்கன் ஆக்சிஜனையே மிகுதியாக நாடுகிறது. ஆகவே அது மணலாகவும் பாறையாகவும் அமைகிறது. கார்பனோ நீண்ட சங்கிலியாக, கிளைத்த சங்கிலியாக, வளையமாகப் பல வடிவங்கள் கொள்கிறது. இதுவரை அறியப்பட்ட கார்பன் சேர்மங்கள் கோடிக்கணக்கில் இருப்பதற்கு இதுவே காரணம்.

தூய கார்பனிலும் அமைப்பின் ஆற்றலைக் காணலாம். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு நாற்புறமும் இறுகப் பிணைந்துள்ளது. ஆகவே அது மிகக் கடினமானது. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று கார்பன்களோடு மட்டும் பிணைந்து தட்டையான அடுக்குகளாகிறது. அடுக்குகளுக்கு இடையேயான கவர்ச்சி மெலிந்தது. ஆகவே ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மீது வழுக்குகிறது. பென்சிலால் எழுதும்போது தாளில் பதிவது அவ்வாறு வழுக்கி வந்த கார்பன் அடுக்குகளே.

ஒன்று, இரண்டு, மூன்று

இரு கார்பன்கள் ஒரு கையால் மட்டுமே பற்றிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு பிணைப்பால் இணைந்தால் ஈத்தேன். இரட்டைப் பிணைப்பால் இணைந்தால் ஈத்தீன். முப்பிணைப்பால் இணைந்தால் ஈத்தைன். ஈத்தீன் 'எத்திலீன்' எனவும், ஈத்தைன் 'அசிட்டிலீன்' எனவும் வழங்கப்படுகின்றன. ஒற்றைப் பிணைப்பு மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்கள் நிறைவுற்றவை. இரட்டைப் பிணைப்போ முப்பிணைப்போ கொண்டவை நிறைவுறாதவை. நிறைவுறாதவை வேறு அணுக்களை எளிதில் ஏற்றுக்கொள்வதால் வேதிவினைகளில் முனைப்புடன் ஈடுபடுகின்றன.

இவ்வேறுபாடு பழக்கடை வரையில் வருகிறது. மாங்காய் மரத்தில் முற்றிப் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை இயல்பாகவே வெளியிடுகிறது. அவ்வாயுவே பழுத்தலைத் தூண்டுகிறது. விரைந்து பழுக்கவைக்க விரும்பும் சிலர் காய்களிடையே கால்சியம் கார்பைடு கல்லை வைக்கின்றனர். கல் ஈரத்தோடு வினைபுரிந்து அசிட்டிலீனை வெளியிடும். அசிட்டிலீன் ஓரளவு எத்திலீனைப்போலச் செயல்பட்டுத் தோலின் நிறத்தை மாற்றிவிடுகிறது. ஆனால், கார்பைடு கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுச் சேர்மங்கள் மாசுகளாகக் கலந்திருக்கக்கூடும். ஆகவே இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடால் பழங்களைப் பழுக்கவைப்பதைத் தடைசெய்துள்ளன. அளவோடு எத்திலீன் வாயுவைப் பயன்படுத்துவதற்கு அனுமதி உண்டு.

படிவரிசையும் பண்பும்

ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்தது மீத்தேன். சங்கிலியில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடக் கூட, ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் எனத் தொடர் வளர்கிறது. அடுத்தடுத்த உறுப்புகள் ஒரே அளவால் வேறுபடும் இத்தகைய தொடர் 'படிவரிசை' எனப்படும். தொடர் நீள நீள மூலக்கூறுகளுக்கு இடையேயான கவர்ச்சி மிகுவதால் கொதிநிலை உயர்கிறது. மீத்தேன் –162 டிகிரி செல்சியசிலும், புரொப்பேன் –42 டிகிரியிலும், பியூட்டேன் –0.5 டிகிரியிலும், பென்டேன் 36 டிகிரியிலும் கொதிக்கின்றன. வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் புரொப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தால் நீர்மமாக்கி அடைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டிற்கும் மணமில்லை. கசிவை மூக்கு அறியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம் சிறிதளவு சேர்க்கப்படுகிறது.

பியூட்டேனிலிருந்து மாற்றியங்கள் தொடங்குகின்றன. ஐந்து கார்பன் கொண்ட பென்டேனுக்கு மூன்று மாற்றியங்கள் உண்டு. நேர்ச்சங்கிலி அமைப்பு 36 டிகிரியிலும், ஒரு கிளை கொண்டது 28 டிகிரியிலும், நடுக்கார்பனைச் சுற்றி நான்கு கார்பன்கள் அமைந்தது 9.5 டிகிரியிலும் கொதிக்கின்றன. பத்துக் கார்பன் கொண்ட டெக்கேனுக்கு 75 மாற்றியங்கள் உண்டு. இருபது கார்பன் சேர்ந்தால் 3,66,319 மாற்றியங்கள் எழுதப்படலாம்.

பெயரும் ஒரு பகுபதம்

இத்துணைச் சேர்மங்களுக்கும் தனித்தனிப் பெயரிட்டு மனப்பாடம் செய்தல் இயலாது. ஆகவே 1892இல் ஜெனீவா நகரில் கூடிய வேதியியல் அறிஞர்கள் பெயரிடும் நெறிகளை வகுத்தனர். 1919இல் தோன்றிய பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் அந்நெறிகளை வளர்த்து வருகிறது. அம்முறையில் அமைந்த பெயர், தமிழ் இலக்கணம் கூறும் பகுபதத்தைப்போலப் பிரித்துப் பொருள் காணத்தக்கது.

'எத்தனால்' என்பதனை எத் + அன் + ஆல் எனப் பிரிக்கலாம். 'எத்' என்பது பகுதி; இரு கார்பன்களைக் குறிக்கும். 'அன்' என்பது இடைநிலை. கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு உள்ளதைக் குறிக்கும். 'ஆல்' என்பது விகுதி. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதியைக் குறிக்கும். பகுதி 'மெத்' ஆனால் கார்பன் ஒன்று. 'புரொப்' ஆனால் மூன்று. 'பியூட்' ஆனால் நான்கு. விகுதி 'ஏல்' ஆனால் அது ஆல்டிஹைடு. 'ஓயிக் அமிலம்' ஆனால் அது கார்பாக்சிலிக் அமிலம்.

சேர்மத்தின் வேதிப்பண்பைப் பெரிதும் முடிவு செய்யும் இவ்விகுதிப் பகுதி 'வினைசெயல் தொகுதி' எனப்படும். எறும்பின் கடி எரிச்சல் தருவதில் மெத்தனோயிக் அமிலத்திற்குப் பங்குண்டு. இதன் பழைய பெயர் ஃபார்மிக் அமிலம். இலத்தீன் மொழியில் 'ஃபார்மிக்கா' என்றால் எறும்பு. வினிகரில் எத்தனோயிக் அமிலமும், புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் உள்ளன. இவை அனைத்தின் புளிப்பிற்கும் பொதுக் காரணம் கார்பாக்சில் தொகுதியே.

எத்தனாலில் உள்ள அதே அணுக்களை வேறு முறையில் அடுக்கினால், அதாவது ஆக்சிஜனை இரு கார்பன்களுக்கு நடுவே வைத்தால், டைமெத்தில் ஈதர் கிடைக்கும். எத்தனால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும் நீர்மம்; டைமெத்தில் ஈதரோ –24 டிகிரியில் கொதிப்பதால் அறை வெப்பநிலையில் வாயு. ஹைட்ராக்சில் தொகுதி இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்ளும். அத்தொகுதி இல்லாத ஈதரில் அப்பற்று இல்லை.

தெரியுமா?

வேதியியலைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. இலங்கையின் யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவம் பயிற்றுவித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மருத்துவ, அறிவியல் நூல்களைத் தமிழில் கொணர்ந்தார். அவரது முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது.

கண்ணாடியில் தெரியும் கை

அணுக்கள் தாளில் வரையப்படும் கோடுகள் அல்ல. வெளியில் மூன்று பரிமாணங்களில் அமைபவை. இதற்கான முதற்சான்றை 1848இல் லூயி பாஸ்டர் கண்டார். டார்டாரிக் அமிலத்தின் உப்பொன்றை அவர் உருப்பெருக்கியின்கீழ் ஆராய்ந்தபோது, இரு வகைப் படிகங்கள் கலந்திருந்தன. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம்போல் இருந்தது. அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்துக் கரைத்தார். ஒருவகைக் கரைசல் ஒளியின் அதிர்வுத்தளத்தை வலப்புறமும், மற்றது இடப்புறமும் சுழற்றின.

இதற்கு விளக்கம் தந்தவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த வாண்ட் ஹாஃப், பிரான்சைச் சேர்ந்த லெ பெல் ஆகியோர். இருவரும் 1874இல் தனித்தனியே தம் கருத்தை வெளியிட்டனர். அப்போது வாண்ட் ஹாஃபிற்கு அகவை 22. கார்பனின் நான்கு கைகளும் ஒரு நான்முகியின் நான்கு முனைகளை நோக்கி நீண்டுள்ளன என்பது அவர் விளக்கம். மீத்தேனில் இரு பிணைப்புகளுக்கு இடையேயான கோணம் 109.5 டிகிரி. நான்கு கைகளிலும் வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் மூலக்கூறு இரு வடிவங்களில் அமையலாம். வலக்கையும் இடக்கையும் ஒத்த உறுப்புகள் கொண்டிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாததுபோல இவ்விரு வடிவங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

இது ஏட்டளவிலான நுட்பம் அன்று. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மருந்து தூக்கத்திற்கென விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களின் குமட்டலைத் தணிக்கவும் அது பல நாடுகளில் கொடுக்கப்பட்டது. பின்னர்க் கை, கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறக்கத் தொடங்கினர். 1961இன் இறுதியில் மருந்து திரும்பப் பெறப்படுவதற்குள் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அமெரிக்காவில் மருந்து அனுமதி விண்ணப்பத்தை ஆராய்ந்த ஃபிரான்செஸ் கெல்சி, பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை எனக் கூறி, பல வற்புறுத்தல்களுக்கிடையிலும் அனுமதி மறுத்தார். அதனால் அந்நாட்டில் பெருந்துயர் தவிர்க்கப்பட்டது.

தாலிடோமைடு மூலக்கூறுக்கும் கண்ணாடிப் பிம்பங்களான இரு வடிவங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றே கருவின் வளர்ச்சியைக் குலைப்பது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆயினும் தீங்கற்ற வடிவத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தாலும் பயனில்லை. உடலினுள் ஒரு வடிவம் மற்றொன்றாக மாறிவிடுகிறது. மருந்தின் அமைப்பை அறிவதோடு, உடல் அதனை என்ன செய்கிறது என்பதையும் அறிதல் வேண்டும் என்பதே இந்நிகழ்வு கற்பித்த பாடம்.

மீண்டும் அவ்விரு குப்பிகள்

உடல் என்ன செய்கிறது என்னும் அவ்வினாவே மெத்தனாலின் புதிரையும் அவிழ்க்கிறது. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி உள்ளது. 'ஆல்' என்னும் விகுதி கொண்ட ஆல்கஹால்களை 'ஏல்' என்னும் விகுதி கொண்ட ஆல்டிஹைடுகளாக மாற்றுவது அதன் பணி. தொடர்ந்து வேறொரு நொதி ஆல்டிஹைடை அமிலமாக்குகிறது. இந்நொதிகள் விகுதியைப் பார்த்து வினைபுரிகின்றன. பகுதியில் ஒரு கார்பன் குறைந்தாலும் தம் வேலையை நிறுத்துவதில்லை.

எத்தனால் இவ்வழியே எத்தனேலாகி, பின் எத்தனோயிக் அமிலமாகிறது. எத்தனோயிக் அமிலத்தை உடல் எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். மெத்தனால் அதே வழியில் மெத்தனேலாகி, பின் மெத்தனோயிக் அமிலமாகிறது. மெத்தனேல் என்பது ஃபார்மால்டிஹைடு. உயிரியல் ஆய்வகங்களில் இறந்த உயிரினங்களைக் கெடாமல் வைக்க உதவும் ஃபார்மலின் அதன் கரைசலே. மெத்தனோயிக் அமிலத்தை மனித உடல் மிக மெதுவாகவே அகற்றும். தேங்கிய அமிலம் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆக்சிஜனை மிகுதியாக நாடும் பார்வை நரம்பு முதலில் நலிகிறது. ஆகவே மெத்தனாலின் கொடுமை மெத்தனாலில் இல்லை. உடலே அதனை மாற்றி உருவாக்கும் பொருள்களில் உள்ளது.

இம்மாற்றத்திற்கு நேரம் பிடிப்பதால், குடித்தவுடன் பெரிய அறிகுறி எதுவும் தோன்றாமல் இருக்கலாம். பல மணி நேரத்திற்குப் பின்னரே தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். இடைப்பட்ட நேரம் ஆபத்தில்லை என்னும் தவறான நம்பிக்கையைத் தருகிறது. உண்மையில் உயிரையும் பார்வையையும் காக்கக்கூடிய நேரம் அதுவே. மருத்துவமனையில் ஃபோமிபிசோல் என்னும் மருந்தையோ, மருத்துவர் கணக்கிட்ட அளவில் எத்தனாலையோ செலுத்தி அந்நொதி மெத்தனாலை மாற்றாதவாறு தடுக்கின்றனர். அமிலத்தன்மையைக் குறைக்கவும், இரத்தச் சுத்திகரிப்பால் நஞ்சை வெளியேற்றவும் முயல்கின்றனர். அச்சத்தாலோ வெட்கத்தாலோ வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே. எத்தனாலை உடல் எரித்துவிடுகிறது என்பதால் அது தீங்கற்றது என்றும் கொள்ளலாகாது. தொடர்ந்து அருந்தினால் கல்லீரலை அழித்துவிடும்.

வோலரின் வெண்படிகங்கள், பாஸ்டரின் இருவகைப் படிகங்கள், கெல்சி மறுத்த விண்ணப்பம், கள்ளக்குறிச்சியின் துயரம் ஆகிய அனைத்தும் ஒரே உண்மையையே உரைக்கின்றன. பொருளின் தன்மையை அதன் தோற்றம் சொல்லாது. அதன் அமைப்பே சொல்லும். கண்ணுக்குப் புலப்படாத அவ்வமைப்பைப் பெயராக எழுதிக் காட்டுவது கரிம வேதியியல். குப்பியின்மீது ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டில் 'எத்', 'மெத்' எனத் தொடங்கும் முதலசையின் வேறுபாடு சிறிது. அதனைப் படித்துணரும் அறிவு ஓர் உயிரைக் காக்க வல்லது.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள மருந்து, தூய்மைப்பொருள், உணவுப்பொருள் ஆகியவற்றின் சீட்டுகளில் காணப்படும் கரிமச் சேர்மங்களின் பெயர்கள் ஐந்தைத் தொகுத்து, அவற்றைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரிக்க இயலுமா என ஆராய்க.

2. தீக்குச்சிகளையும் களிமண் உருண்டைகளையும் கொண்டு பென்டேனின் மூன்று மாற்றியங்களின் கார்பன் அமைப்பைச் செய்து வகுப்பில் காட்டுக.

3. 'பார்வை மங்கும்வரை காத்திருக்க வேண்டாம்' என்னும் தலைப்பில், மெத்தனால் நச்சுத்தன்மை குறித்து ஊர்மக்களுக்கான விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றை எளிய தமிழில் எழுதுக.

4. பழங்களைக் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பதற்கும் எத்திலீன் வாயுவால் பழுக்கவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பழ வணிகர் ஒருவருக்கு விளக்குவதுபோல உரையாடல் எழுதுக.